போர்முனையில் பாடிய கசக் பாடகி ரோஸா பக்லனோவா யார்?

கேள்வி இதுதான்: இரண்டாம் உலகப் போரில் போர்முனைக்கே போய்ப் பாடிய கசக் பாடகி ஒருவர் இருந்தாராமே, அவர் யார்? போருக்கு முன்பே பெயர் வாங்கியவரா? போர் முடிந்த பிறகு என்ன ஆனார்?

நீங்கள் கேட்பது ரோஸா பக்லனோவாவைப் பற்றியாகத்தான் இருக்க வேண்டும். 1922 ஜனவரி 1-ஆம் தேதி பிறந்து, 2011 பிப்ரவரி 8-ஆம் தேதி அல்மாத்தியில் மறைந்தவர். இவரை இன்னும் இரண்டு பேரோடு போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம், அதை முதலிலேயே பிரித்து வைத்துவிடுகிறேன். ஒருவர் குல்யாஷ் பைசெயிதோவா. ஓபரா பாடகி, ரோஸாவைவிடப் பத்து வயது மூத்தவர், போருக்கு முன்பே சோவியத் நாடு முழுக்கப் பெயர் தெரிந்தவர். இன்னொருவர் ரோஸா ரிம்பாயெவா. பெயரில் ரோஸா இருப்பதால் வரும் குழப்பம் இது. அவர் போருக்குப் பின் பிறந்தவர், 1970-களில் மேடைக்கு வந்தவர்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்: இல்லை. போர் தொடங்கியபோது பக்லனோவா பாடகியே இல்லை, பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவி. அவர் கதையைச் சொல்கிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை என்பது என் மனக்குறை. பேர்பெற்ற பாடகி ஒருவர் நாட்டுக்காகப் போர்முனைக்குப் போனார் என்றே எழுதிவிடுகிறார்கள். நடந்தது வேறு. போர்முனைதான் அவரைப் பாடகியாக்கியது. அவர் தொழில் படித்த இடமே அதுதான்.

பிறந்த ஊர் கசாலி. ஆரல் கடலுக்குக் கிழக்கே, சிர் தாரியா ஆற்றங்கரையில் இருக்கும் சிறிய ஊர். ஓரன்பர்க்கிலிருந்து தாஷ்கண்ட் போகும் ரயில் பாதை 1906-இல் வந்தபோது இந்த ஊரையும் தொட்டுக்கொண்டு போனது. வறண்ட புல்வெளி, ஆற்றை ஒட்டி நாணல், நடுவே ஒரு ரயில் நிலையம். ரோஸாவுக்கு எட்டு வயதிலிருந்து பதினொரு வயது வரை கசகஸ்தானில் பெரும் பஞ்சம். மந்தைகளைப் பறித்துக் கூட்டுப்பண்ணையில் சேர்த்தார்கள், நாடோடிக் குடும்பங்களை ஒரே இடத்தில் உட்காரச் சொன்னார்கள். 1930 முதல் 1933 வரை ஏறத்தாழ 15 லட்சம் பேர் செத்துப் போனார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் கசக்குகள். அந்தத் தலைமுறையைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச என்னால் முடியவில்லை. 1941-இல் போர் வந்தபோது அந்தப் பிள்ளைகள் ஒரு பேரழிவை ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தார்கள்.

1939-இல் கிஸிலோர்டா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரிக்கே ஒரு கதை உண்டு. 1937-இல் சோவியத் நாட்டின் தூரக் கிழக்கில் வாழ்ந்த கொரிய மக்களை ஸ்டாலின் அரசு மொத்தமாக ரயிலேற்றி மத்திய ஆசியாவுக்கு அனுப்பியது. விளாதிவஸ்தோக்கில் அவர்கள் நடத்திவந்த கொரிய ஆசிரியர் கல்லூரியும் அவர்களோடு கிஸிலோர்டாவுக்கு வந்து இறங்கியது. அதுதான் பின்னர் கிஸிலோர்டா கல்லூரி ஆனது. ஊரில் ஒரு கொரிய நாடகக் குழுவும் இருந்தது. ஆக, ஒரு கசக் பெண் பதினேழு வயதில் படிக்கப் போன ஊரில் ஒரு தெருவில் கசக், அடுத்த தெருவில் ரஷ்யம், அதற்கடுத்த தெருவில் கொரியம் காதில் விழுந்திருக்கும். பின்னாளில் பக்லனோவா பல மொழிகளில் பாடுகிறவர் என்று பெயரெடுத்ததற்கு இதுதான் காரணம் என்று சாதிக்க மாட்டேன். ஆனால் பல மொழி கேட்டு வளர்ந்த காது அது.

அங்கிருந்து தாஷ்கண்டுக்குப் போனார். சேர்ந்தது ஜவுளித் தொழில்நுட்பக் கல்லூரியில். பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கே அவர் பாடியதைக் கேட்டு உஸ்பெக் அரசு ஃபில்ஹார்மோனிக் என்ற கச்சேரி நிறுவனத்தில் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படுவது. இசைப் பள்ளி கிடையாது, குரல் பயிற்சி கிடையாது, நொட்டேஷன் படிப்பு கிடையாது. இருந்தது வீட்டிலும் கல்யாணங்களிலும் கேட்டுப் பழகிய பாட்டு. கசக் மரபில் அது சாதாரண மூலதனம் இல்லை. தோம்பிரா என்ற இரண்டு நரம்பு வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர் ஊராகக் குதிரையில் போய்ப் பாடிய பீர்ஜான், அகான் போன்ற பாடகர்கள் திறந்த வெளியில்தான் பாடினார்கள். கூரை இல்லை, சுவர் இல்லை, எதிரொலி இல்லை. முதல் அடியையே உச்சத்தில் ஒரு நீண்ட கூவலாக எடுப்பது அந்தப் பாட்டின் வழக்கம். சுற்றியிருப்பவர்களைப் பேச்சை நிறுத்த வைக்க அதைவிட நல்ல வழி இல்லை.

இந்தக் குரல்தான் போர்முனைக்குப் போனது.

சோவியத் நாட்டில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருந்தது. போர்முனைக் கலைக்குழுக்கள் என்று பெயர். ஒரு குழுவில் ஒரு பாடகி, ஓர் அக்கார்டியன்காரர், இரண்டு நடனக்காரர்கள், கவிதை வாசிக்க ஒருவர், சிரிக்கவைக்க ஒருவர், சில குழுக்களில் ஜாலவித்தைக்காரர்கூட இருப்பார். ஏன் அக்கார்டியன்? பியானோவைச் சேற்றில் இழுத்துக்கொண்டு போக முடியாது. அதனால் அந்த நான்கு வருடப் பாட்டுகள் எல்லாமே அக்கார்டியனுக்கோ பயான் என்ற ரஷ்யப் பொத்தான் அக்கார்டியனுக்கோ ஏற்றபடி மாறிப்போயின. சோவியத் கணக்குப்படி, போர் முடியும்வரை படைவீரர்களுக்காக நடந்த நிகழ்ச்சிகள் 13.5 லட்சம். அதில் 4.73 லட்சம் நேரடியாகப் போர்முனையில் நடந்தவை. கலந்துகொண்ட கலைஞர்கள் ஏறத்தாழ 42,000 பேர். அந்த நாட்களின் பிரச்சாரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இது சின்ன எண்ணிக்கை இல்லை.

நிகழ்ச்சி எப்படி நடக்கும்? லாரியின் பக்கத் தட்டிகளைக் கீழே இறக்கிவிட்டால் அதுவே மேடை. இரண்டு லாரிகளைப் பின்பக்கம் ஒட்டி நிறுத்தினால் நடனம் ஆடவும் இடம் கிடைக்கும். வீரர்கள் புல்லில், பனியில், டாங்கியின் மேலே, மரக்கிளையில் என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உட்காருவார்கள். மைக் கிடையாது. விமானச் சத்தம் கேட்டால் கூட்டம் கலையும், போனதும் விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடரும். ஒரே நாளில் ஒரு படைப்பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு நான்கைந்து முறை இடம் மாறுவதும் உண்டு. அப்புறம் ஆஸ்பத்திரிகள். அங்கே வேலை தலைகீழ். லாரியில் தொண்டை கிழியப் பாடியவர், ஒரு வார்டுக்குள் பாதிக் குரலில் பாட வேண்டும். பக்கத்துக் கட்டிலில் ஒருவன் தூங்கிக்கொண்டிருப்பான், அல்லது இறந்துகொண்டிருப்பான். பாடகி ஒருத்திக்குக் குரலைக் கூட்டவும் குறைக்கவும் இதைவிடக் கடுமையான பயிற்சியை எந்த இசைக் கல்லூரியும் கொடுக்காது.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீரர்கள் கலைஞரைக் கம்பளிக் கோட்டில் பார்க்க விரும்ப மாட்டார்கள். சுற்றிலும் எல்லோரும் ஒரே நிறச் சீருடையில் இருக்கும்போது, மேடையில் நிற்பவள் வேறு ஓர் உலகத்திலிருந்து வந்தவளாகத் தெரிய வேண்டும். அதனால் உறைபனியில் மெல்லிய உடையில் நின்று பாடினார்கள். அந்தத் தலைமுறைப் பாடகிகளுக்குத் தொண்டையும் மூட்டும் பின்னாளில் உபத்திரவம் கொடுத்திருந்தால் அதில் வியப்பில்லை.

பக்லனோவாவை அந்தக் கூட்டத்தில் தனியாக அடையாளம் காட்டியது ஒரு ரஷ்யப் பாட்டு. 'ஆஹ், சமாரா-கரதோக்'. சமாரா சிறுநகரமே என்று பொருள் வரும். நாட்டுப்பாட்டு. ஒரு பெண் தன் ஊரைக் கூப்பிட்டு, மனசு நிலைகொள்ளவில்லை, என்னை அமைதிப்படுத்து என்று கேட்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. சின்னச் சின்ன அடிகள், ஒவ்வொன்றும் முடிந்ததும் அதே பல்லவி. கூட்டம் இரண்டாவது முறையே பல்லவியைப் பிடித்துக்கொள்ளும். அடிகளை முன்பின்னாக மாற்றிப் பாடலாம், நேரமில்லை என்றால் இரண்டைக் கழித்துவிடலாம், கூட்டம் விடவில்லை என்றால் நீட்டிக்கொண்டே போகலாம். லாரி மேடைக்கென்றே செய்து வைத்ததுபோல ஒரு பாட்டு. அவர் பாடிய ஒலிப்பதிவைக் கேட்டால் ஒன்று கவனிக்கலாம். பல்லவியில் எல்லோரும் எதிர்பார்க்கும் இடத்தில் வேகத்தைக் கூட்டாமல் ஒரு நொடி நிறுத்திப் பிடிக்கிறார், பிறகு கொட்டிவிடுகிறார். சிரித்துக்கொண்டே பாடுவது குரலிலேயே தெரிகிறது. உச்ச சுருதியில் ஒரு திறந்த கூவல், புல்வெளிப் பாட்டிலிருந்து வந்தது அது. ரஷ்ய மெட்டுதான், ஆனால் எடுப்பு கசக் எடுப்பு.

அந்தப் பாட்டில் வரும் ஊருக்கு அப்போது அந்தப் பெயரே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1935-இலேயே சமாராவை குய்பிஷெவ் என்று மாற்றிவிட்டார்கள். 1941 அக்டோபரில் ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கியபோது அரசு அலுவலகங்கள், வெளிநாட்டுத் தூதரகங்கள், போல்ஷோய் அரங்கம் எல்லாம் குய்பிஷெவுக்குத்தான் இடம் பெயர்ந்தன. ஷோஸ்தகோவிச்சின் ஏழாவது சிம்பொனி 1942 மார்ச் 5-ஆம் தேதி முதன்முதலில் ஒலித்ததும் அங்கேதான். வரைபடத்தில் குய்பிஷெவ், பாட்டில் மட்டும் சமாரா. வீட்டை விட்டு இரண்டு வருடம், மூன்று வருடம் ஆனவர்களுக்குப் பழைய பெயரோடு ஓர் ஊரைக் கூப்பிட்டுப் பாடும்போது என்ன தோன்றியிருக்கும்? பாட்டு அவ்வளவு பிடித்துப் போனதற்கு அதிலும் ஒரு பங்கு இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

சரி, கசக் பாட்டுகள்? பாடினார், அதற்கு ஓர் அவசியமும் இருந்தது. அன்றைய கசகஸ்தானின் மக்கள்தொகை ஏறத்தாழ 60 லட்சம். அதிலிருந்து படைக்குப் போனவர்கள் சுமார் 12 லட்சம். பாதிப் பேர் அளவுக்குத் திரும்பவில்லை. இன்று அல்மாத்தி எனப்படும் அல்மா-அத்தாவில் 1941 ஜூலையில் திரட்டிய 316-ஆவது காலாட்படைப் பிரிவு, அதாவது பன்ஃபீலவ் பிரிவு, அதே வருடம் அக்டோபர், நவம்பரில் மாஸ்கோவுக்கு வெளியே வலக்கலாம்ஸ்க் சாலையில் நின்று போரிட்டது. இந்தப் படைகளில் அவுல் எனப்படும் மேய்ச்சல் கிராமங்களிலிருந்து வந்த எத்தனையோ இளைஞர்களுக்கு ரஷ்ய மொழி சரியாகத் தெரியாது. கட்டளையே புரியாமல் தவித்தவர்கள் உண்டு. அவர்களுக்காகப் படையில் கசக் மொழியில் செய்தித்தாள் அச்சிட வேண்டி வந்தது. அதிலும் ஒரு சிக்கல்: கசக் மொழி 1929-இல் அரபு எழுத்திலிருந்து லத்தீன் எழுத்துக்கு மாறியிருந்தது, 1940-இல் மறுபடியும் சிரிலிக் எழுத்துக்கு மாற்றிவிட்டார்கள். பதினொரு வருடத்தில் மூன்று எழுத்து. வீட்டிலிருந்து வரும் கடிதத்தைக் கூட எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய நிலை பலருக்கு. அந்த நிலையில் ஒரு பெண் லாரி மேல் ஏறி நின்று தாய்மொழியில் ஒரு பாட்டை எடுத்தால், எழுத்து எதுவும் இல்லாமல் நேராக உள்ளே போய்விடும்.

ஊரில் இருந்தவர்களும் பாடினார்கள். அது வேறு பாட்டு. மகன் இறந்த செய்தி வரும் தாளை கசக்குகள் 'கரா கஃகாஸ்' என்பார்கள், கறுப்புக் காகிதம். அது வந்ததும் தாயோ மனைவியோ 'ஜொக்தாவ்' பாடுவாள். நம் சொல்லில் ஒப்பாரி. இறந்தவனின் குணத்தைச் சொல்லி, குதிரை ஏறிய அழகைச் சொல்லி, யார் யாரை விட்டுப் போனான் என்று சொல்லிச் சொல்லி அழும் பாட்டு. வழக்கமான ஒப்பாரிக்கு ஓர் உடல் இருக்கும், ஒரு குழி இருக்கும். இந்த நான்கு வருடம் பாடிய ஒப்பாரிகளுக்கு ஒரு காகிதம்தான் இருந்தது. போர்க்காலக் கசக் இசை என்றாலே மேடைக் கலைஞர்களை மட்டும் பேசுகிறோம். பெயர் தெரியாத அந்தப் பெண்கள் பாடியதை எந்தக் கணக்கிலும் யாரும் சேர்க்கவில்லை.

பக்லனோவா லாரிகளில் சுற்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அல்மா-அத்தாவில் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் அவர் பாதை எவ்வளவு வித்தியாசமானது என்று புரியும். இங்கேதான் குல்யாஷ் பைசெயிதோவா வருகிறார்.

குல்யாஷ் 1912-இல் பிறந்தவர். 1934-இல் அல்மா-அத்தாவில் தொடங்கிய இசை நாடக அரங்கத்தின் முதல் நட்சத்திரம். அந்த வருடம் நவம்பரில் 'கிஸ் ஜிபெக்' என்ற காதல் காவியத்தை யெவ்கெனி புருசிலோவ்ஸ்கி ஓபராவாக்கியபோது ஜிபெக்காகப் பாடியவர் அவர்தான். 1936 மே மாதம் மாஸ்கோவில் கசக் கலை விழா நடந்தது. போன அரங்கமெல்லாம் குல்யாஷ் பற்றியே பேச்சு. அதே வருடம் செப்டம்பரில் 'சோவியத் யூனியனின் மக்கள் கலைஞர்' என்ற பட்டத்தை முதன்முறையாகப் பதிமூன்று பேருக்குக் கொடுத்தார்கள். ரஷ்ய நாடக மேதை ஸ்தனிஸ்லாவ்ஸ்கி அந்தப் பட்டியலில் ஒருவர், குல்யாஷும் ஒருவர். வயது 24. பட்டியலிலேயே இளையவர்.

அந்த மாஸ்கோ விழாவைத் திட்டமிட்டு நடத்தியவர் தெமிர்பெக் ஜுர்கெனோவ், கசகஸ்தானின் கல்வி ஆணையர். 1937-இல் அவரைக் கைது செய்தார்கள், 1938-இல் சுட்டுக் கொன்றார்கள். கவிஞர்கள் சாகென் செய்ஃபுல்லின், இலியாஸ் ஜான்சுகுரோவ், எழுத்தாளர் பெயிம்பெத் மய்லின் ஆகியோருக்கும் அதே வருடம் அதே முடிவு. 1941-இல் கலைஞர்கள் போர்முனைக்கும் மேடைக்கும் போய் அரசின் பெயரால் பாடியபோது, தங்களை வளர்த்த ஆட்களை அதே அரசு கொன்று மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. இதையும் தெரிந்துகொண்டுதான் அந்தக் காலப் பாட்டுகளைக் கேட்க வேண்டும். அவர்கள் பாடியது பொய் என்று நான் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அண்ணன் தம்பிகள், அவர்களுக்காகப் பாடினார்கள். அந்த உண்மைக்கு அரசின் சான்றிதழ் தேவையில்லை.

போர் வந்ததும் அல்மா-அத்தா திடீரென்று ஒரு கலைத் தலைநகரம் ஆனது. மாஸ்கோ, லெனின்கிராட் படப்பிடிப்பு நிலையங்களை இங்கே கொண்டுவந்தார்கள். இயக்குநர் ஐசன்ஸ்டைன் 'இவான் த டெரிபிள்' படத்தை இங்கேதான் எடுத்தார். பகலில் மின்சாரம் தொழிற்சாலைகளுக்குப் போய்விடும் என்பதால் இரவில் படப்பிடிப்பு. புரோகோஃபியெவ் இங்கே இருந்தபடி அந்தப் படத்துக்கு இசையமைத்தார், கசக் நாட்டுப்பாட்டுகளை வைத்து ஓர் ஓபராவும் தொடங்கினார், முடிக்கவில்லை. 1941-இல் திறந்த புது ஓபரா கட்டடத்தில் கலினா உலானோவா பாலே ஆடினார். இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் 1944 டிசம்பர் 24-ஆம் தேதி அக்மெத் ஜுபானோவும் லத்தீஃப் ஹமிதியும் சேர்ந்து கசக் கவிஞர் அபாயைப் பற்றி எழுதிய 'அபாய்' ஓபரா அரங்கேறியது. அஜார் வேடத்தில் குல்யாஷ். இன்றும் அந்த அரங்கம் தன் பருவத்தை இந்த ஓபராவோடுதான் தொடங்குவது வழக்கம்.

குல்யாஷுக்கு அரங்கம் இருந்தது, வாத்தியக் குழு இருந்தது, மூத்த உஸ்தாதுகள் இருந்தார்கள். ரோஸாவுக்கு இருந்தது லாரி. இருவரில் யார் பெரியவர் என்று ஒப்பிடுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் கசகஸ்தானின் எல்லைக்கு அப்பால், சாதாரண ரஷ்ய, உக்ரைன், ஜார்ஜியச் சிப்பாய்களின் காதில் ஒரு கசக் குரலை அதன் இயல்போடு பதிய வைத்தது ரோஸாவின் லாரிதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

வேறு சிலரையும் சொல்லாமல் விட்டால் படம் முழுமையாகாது. கவிஞர் ஜம்பில், 1846-இல் பிறந்தவர், 95 வயதில் முற்றுகையில் சிக்கிய லெனின்கிராட் மக்களை 'என் பிள்ளைகளே' என்று அழைத்துப் பாடினார். அதை வானொலியில் ஒலிபரப்பினார்கள், சுவரொட்டியாக அச்சிட்டு நகரத்துத் தெருக்களில் ஒட்டினார்கள். அவருடைய மகன் அல்கதாய் 1943-இல் போர்முனையில் இறந்தார். தோம்பிராக் கலைஞர் டினா நுர்பெயிசோவா, பெரும் தோம்பிரா மேதை குர்மங்காஸியிடம் நேரடியாகப் பாடம் கேட்டவர், முதல் உலகப் போரின் நடுவே 1916-இல் ஜார் அரசு கசக் இளைஞர்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனபோது அதைப் பற்றி ஒரு குய் அமைத்தார். குய் என்றால் வாத்தியத்தில் மட்டும் வாசிக்கும் உருப்படி. எண்பது வயது தாண்டிய பின் இந்தப் போருக்கும் ஒன்று அமைத்தார், பெயர் 'அனா புய்ரிகி', தாயின் கட்டளை. இரண்டு போர், ஒரே கை. இசையமைப்பாளர் ரமசான் எலெபாயெவ் பன்ஃபீலவ் பிரிவில் சிப்பாயாகவே இருந்தார், போரில் வீழ்ந்த தோழனுக்காக 'ஜாஸ் கசக்', இளம் கசக், என்ற பாட்டை அமைத்தார், 1943-இல் அவரும் வீழ்ந்தார். அந்தப் பாட்டை கசகஸ்தானில் இன்றும் பாடுகிறார்கள்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. பக்லனோவாவுக்கு 'போர்ச் சேவைக்காக' என்ற பதக்கம் கிடைத்தது. கலைஞர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் கலைப் பட்டம் இல்லை இது, சிப்பாய்களுக்குக் கொடுக்கும் பதக்கம். போர் முடிந்தபோது வயது 23. நான்கு வருட மேடை அனுபவம், ஒரு நாள் கூட முறையான இசைப் படிப்பு இல்லை.

அப்படி வந்தவர்கள் பலருக்கு அதற்குப் பிறகு வழி தெரியவில்லை. போர்க்காலப் பாட்டுக்குப் போர் முடிந்ததும் மவுசு குறைந்தது. பெரிய பெயர்களுக்கே பாதுகாப்பு இல்லை. ரஷ்ய நாட்டுப்பாட்டின் மகாராணியாக இருந்த லிதியா ருஸ்லானோவா 1945 மே மாதம் பெர்லினில் ரைக்ஸ்டாக் எனப்படும் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் நின்று பாடினார், மூன்று வருடம் கழித்து 1948-இல் கைதானார், ஸ்டாலின் இறந்த பிறகு 1953-இல்தான் வெளியே வந்தார். பக்லனோவாவின் பாதையில் இவ்வளவு பெரிய பள்ளம் இல்லை. 1947-இல் கசகஸ்தானுக்குத் திரும்பி அல்மா-அத்தா ஓபரா அரங்கில் சேர்ந்தார். அங்கே அவர் நெடுநாள் இருக்கவில்லை, அது எனக்கு வியப்பும் இல்லை. ஓபராவில் ஒரு வேடத்துக்குள் போய் ஒளிந்துகொண்டு பாட வேண்டும். கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பாடிப் பழகியவருக்கு அந்த இருட்டு ஒத்துவந்திருக்காது. 1949-இல் ஃபில்ஹார்மோனிக்குக்கு மாறினார், அதாவது மறுபடியும் கச்சேரி மேடை. அதே வருடம் புடாபெஸ்டில் நடந்த உலக இளைஞர், மாணவர் விழாவில் பரிசு பெற்றார். 1960 முதல் 'கசக்கான்செர்ட்' என்ற அரசு கச்சேரி நிறுவனத்தில்.

1967-இல் சோவியத் யூனியனின் மக்கள் கலைஞர் பட்டம் வந்தது. குல்யாஷுக்கு 24 வயதில் வந்தது, ரோஸாவுக்கு 45 வயதில். குல்யாஷ் அப்போது உயிரோடு இல்லை. 1957-இல், 45 வயதில், மாஸ்கோவில் திடீரென்று இறந்துவிட்டார். ஒருவர் எந்த வயதில் மறைந்தாரோ அதே வயதில் மற்றவருக்கு அந்தப் பட்டம்.

ரோஸா நெடுநாள் வாழ்ந்தார். சோவியத் யூனியன் உடைந்த பிறகு சுதந்திர கசகஸ்தான் 1996-இல் அவருக்கு 'ஹாலிக் கஹர்மானி', மக்கள் வீரர், என்ற உயர்ந்த பட்டத்தைக் கொடுத்தது. அவர் மறைந்த பின் கசக்கான்செர்ட் நிறுவனத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

போர் வராமல் இருந்திருந்தால் அவர் பாடகி ஆகியிருப்பாரா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஜவுளிப் பொறியாளராகி, கல்யாண வீடுகளில் பாடி, ஊரார் மெச்சிக்கொள்ளும் ஒரு பெண்ணாக இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதற்காகப் போருக்கு நன்றி சொல்லும் ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவர் குரலைப் போரா கொடுத்தது? குரல் கசாலியிலேயே இருந்தது. அவர் எதிரே உட்கார்ந்து கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அதற்கு நிகரான குரல் இருந்திருக்கும், அவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பவில்லை என்று யோசித்துப் பாருங்கள்.

கேட்க விரும்பினால் முதலில் 'சமாரா-கரதோக்' கேளுங்கள், இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. பிறகு அவர் பாடிய ஏதாவது ஒரு கசக் நாட்டுப்பாட்டைக் கேளுங்கள், உடனே மறுபடியும் முதல் பாட்டுக்கு வாருங்கள். பல்லவியின் உச்சத்தில் அந்தக் கூவல் எங்கிருந்து வந்தது என்று இப்போது காதுக்குத் தெரியும். ஒரு தகவல் பாக்கி: அந்த ஊருக்கு 1991-இல் சமாரா என்ற பெயரையே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்போது ரோஸாவுக்கு வயது 69.